எஞ்சின் மாற்றுகிறீர்களா? வயர்களை இனங்காணும் வழி

கண்டிப் பக்கத்தில் பழைய ஜப்பான் எஞ்சின் வாங்கி மாற்றுவதானால், வயரிங்கை வெட்டாமல் ஈசியூவுடன் (எஞ்சின் கணினி) சேர்த்தே கேட்டு வாங்குங்கள். வயர் நிறத்தை நம்பவேண்டாம், அது மாடலுக்கு மாடல் மாறும். வாகனப் பக்கத்துச் சொக்கட்டின் ஒவ்வொரு முனையிலும் மல்டிமீட்டர் வையுங்கள். சாவி போடாமலே 12 வோல்ட் என்றால் அது பற்றரியின் நேரடி லைன். சாவியைத் திருப்பியதும் வந்தால் இக்னிஷன், ஸ்டார்ட் அடிக்கையில் மட்டும் வந்தால் ஸ்டார்ட்டர். ஈசியூ மாட்டி இக்னிஷன் போட்டபின் சென்சர் சொக்கட்டில் 5 வோல்ட் காட்டும் வயர் பெரும்பாலும் சென்சருக்கான மின்சாரம். இனங்கண்டதும் லேபல் ஒட்டிவிடுங்கள்.

மஞ்சள் சொக்கட் பெரும்பாலும் ஏர்பேக். அதில் மீட்டர் வைக்கவே கூடாது!

ரேடியேட்டர் விசிறி வயரை இணைக்க மறந்தால் கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் கொதித்துவிடும். மாற்றிய எஞ்சினின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவும் வேண்டும்.