கல்லாற்றுக் கல் ஏன் வெளுத்தது?

மக்கா,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். ஒன்றில் பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றுத் தண்ணீருக்குள் உன் உள்ளங்கையில் இருக்கிறது கல். கருகருவென்று, நடுவில் சிவப்புப் பொட்டுகளோடு பார்க்கவே ஆசையாக இருக்கிறது. இன்னொன்றில் அதே கல் சென்னையில் உன் மேசைமேல், திருநீறு பூசினாற்போல வெளுத்துக் கிடக்கிறது. கீழே ஒரே வரி: "மாமா, கல் செத்துப்போச்சா?"

கல் சாகவில்லை. ஏன் என்று நாலு வரியில் சொன்னால் எனக்குத் திருப்தி வராது, அதனால்தான் கடிதம்.

நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அழுக்கு படிந்துவிட்டது என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்த்திருப்பாய். தேய்க்கும்போது நிறம் திரும்பி வந்திருக்கும். ஆகா, அழுக்குதான் என்று துடைத்து வைத்திருப்பாய். காய்ந்ததும் மறுபடி வெளுத்திருக்கும். அப்புறம் உன் புத்தி மூலிகைப் பக்கம் போயிருக்கும், காட்டுத் தண்ணீரில் ஏதோ சத்து இருக்கிறது என்று. கல்லாற்றுக் காட்டில் மூலிகைக்குக் குறைவில்லைதான். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கிய லட்சுமிக்குட்டி அம்மா அங்கே காணிக்காரர் குடியிருப்பில்தான் இருக்கிறார். விஷக்கடிக்கு மருந்து சொல்வதில் பெயர் பெற்றவர். ஆனால் உன் கல்லின் நிறத்துக்கும் மூலிகைக்கும் சம்பந்தமில்லை. உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரையே ஒரு சொட்டு அதன்மேல் விட்டுப் பார். சொட்டு விழுந்த வட்டம் மட்டும் கறுக்கும், சுற்றிலும் சாம்பலாகவே இருக்கும். அந்த ஒரு சொட்டுக்குள் கல்லாறு முழுவதும் இருக்கிறது.

"தண்ணீருக்கே நிறம் இல்லையே, அது எப்படிக் கல்லுக்கு நிறம் கொடுக்கும்?" என்று கேட்பாய். கொடுக்கவில்லையடா. மறைத்துக்கொண்டிருந்ததை விலக்குகிறது, அவ்வளவுதான்.

கற்கண்டை எடுத்துக்கொள். முழுசாக இருக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதையே அம்மியில் நுணுக்கினால் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடுகிறது. வெள்ளைச் சாயம் யாரும் கலக்கவில்லை. பொடியின் ஆயிரம் முகங்களிலும் பட்டு வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது. எல்லா நிறமும் கலந்து சிதறினால் கண்ணுக்கு வெள்ளை. காய்ந்த கல்லின் தோலும் அப்படித்தான். தடவினால் வழவழப்பு, ஆனால் நுணுக்கமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும். அதில் பட்டுச் சிதறும் வெளிச்சம் கல்லின் சொந்த நிறத்தின்மேல் ஒரு வெள்ளைத் திரையாகப் படர்கிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பி மட்டமாக்குகிறது. திரை விலகி, வெளிச்சம் கல்லுக்குள் இறங்கி, அதன் நிறத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. வெளியேறப் பார்க்கும் வெளிச்சத்தில் ஒரு பங்கை ஈரப் படலம் மறுபடி கல்மேலேயே திருப்பி விடுகிறது. கல் அதை இரண்டாம் தடவை விழுங்குகிறது. ஈரமான தரை ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்பதற்கு 1925-லேயே ஆங்ஸ்ட்ராம் என்ற ஸ்வீடன்காரர் சொன்ன விளக்கம் இது. நனைந்த சட்டைக்கும் மழை பெய்த மண்சாலைக்கும் இதுவே கதை.

நம் வீட்டிலேயே இதை மறுபக்கத்திலிருந்து காட்டும் காட்சி இருக்கிறது, நீ கவனித்திருக்க மாட்டாய். உன் அம்மா பச்சரிசி மாவைக் கரைத்து மாக்கோலம் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார். இழுத்த கையோடு இழை மங்கலாகத்தான் தெரியும். "சரியா விழலையே" என்று நீகூட ஒருமுறை சொன்னாய், அக்கா சிரித்தாள். காய்ந்த பிறகுதான் கோடு பளிச்சென்று எழுந்து வரும். மாவுத் துகள்களுக்கு நடுவிலிருந்து தண்ணீர் போய்க் காற்று வந்ததும் வெளிச்சம் சிதற ஆரம்பிக்கிறது. கோலம் காய்ந்தால் வெளுக்கிறது, உன் கல்லும் காய்ந்தால் வெளுக்கிறது. ஒன்றை அழகு என்கிறோம், மற்றதைச் செத்துப்போச்சா என்று கேட்கிறாய்.

கறுப்பு நிலைக்க வேண்டுமானால் எண்ணெய் தடவு. கோயிலில் கருங்கல் சிலை எண்ணெய்க்காப்புக்குப் பிறகு மினுமினுப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? ஒளியை வளைக்கும் அளவு தண்ணீருக்கு 1.33, தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 1.45, கல்லில் உள்ள குவார்ட்ஸுக்கு 1.54. கல்லோடு எண்ணெய்க்கு நெருக்கம் அதிகம். தண்ணீர்போல ஆவியாகிப் போகவும் செய்யாது. வார்னிஷ் மட்டும் அடித்துவிடாதே. ஆற்றங்கல்லுக்கு அந்தக் கண்ணாடிப் பளபளப்பு ஒட்டாது.

சிவப்புப் பொட்டுகளை மாணிக்கம் என்று நண்பர்களிடம் அளந்துவிட்டிருந்தால் உடனே திருத்திவிடு. அது பெரும்பாலும் கார்னெட்டாக இருக்கும். அந்த மலைப் பாறைகளில் தாராளமாக உண்டு. சின்ன வயதில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் சிவப்பு மணலைக் கால்சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டு வருவாயே, அந்தச் சிவப்பும் இதுதான். நவரத்தினத்தில் கோமேதகம் இதே குடும்பம்.

உருண்டையாக எப்படி ஆனது என்றும் கேட்டிருந்தாய். கையில் அடங்கும் கல் உருண்டு, ஒன்றோடொன்று மோதித் தேய்ந்தது. மூலைக்குப் பல பக்கமும் அடி விழும், நடுப்பகுதிக்கு ஒரு பக்கம்தான். அதனால் மூலை முதலில் போகிறது. 2012-ல் செவ்வாயில் கியூரியாசிட்டி வண்டி இப்படி உருண்ட கூழாங்கற்களைக் கண்டதும், அங்கே ஒரு காலத்தில் ஓடை ஓடியது என்று அறிவித்தார்கள். ஆனால் நீ ஏறி நின்று படம் எடுத்தாயே, அந்த யானை போன்ற பாறைகள் எல்லாம் ஆற்றில் உருண்டு வந்தவை என்று நினைத்தால் தப்பு. நம் பக்கத்து வெயிலிலும் மழையிலும் பாறை மண்ணுக்கு அடியிலேயே மூலை கரைந்து, வெங்காயத் தோல்போல உரிந்து உருளையாகும். பிறகு மண் அரித்துப் போனால் உருளை மட்டும் மிஞ்சும். பெரிய பாறைகள் பலவும் அப்படிப் பிறந்தவைதான்.

இனி உன்னைத் திட்ட வேண்டிய இடம்.

முதல் படத்தில் உனக்குப் பின்னால் ஒரு கயம் தெரிகிறது. "அடி வரை தெரியுது மாமா, இடுப்பளவுதான்" என்று எழுதியிருக்கிறாய். கல்லுக்கு நிறம் எடுத்துக் கொடுத்த அதே ஒளி வளைவு, ஆழத்தில் உன்னை ஏமாற்றும். நேர் மேலிருந்து பார்த்தாலே எட்டடித் தண்ணீர் ஆறடியாகத் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். தண்ணீர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு நம்பிக்கை வரும், அதுதான் ஆபத்து. கல்லாற்றில் நீச்சல் தெரிந்த பிள்ளைகளே மூழ்கிப் போயிருக்கிறார்கள். "எனக்கு நீச்சல் தெரியும்" என்று இதற்குப் பதில் எழுதாதே. பாசி பிடித்த உருண்டைக் கல்லில் கால் வழுக்கும்போது நீச்சல் எங்கே உதவும்?

இன்னொன்று. விதுரை தாண்டிக் கல்லாறு வரை வெயில் காயும், மேலே பொன்முடியில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ செருப்பைத் தேடாமல் கரையேறு. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அங்கே யாராவது "வெள்ளம்" என்று கத்தினால் குடிக்கக் கேட்கிறார்கள் என்று நினைத்து நிற்காதே, நம் ஊர் அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டு ஓடு.

ஓணம் லீவில் வருகிறாய் அல்லவா, நேராக என் வீட்டுக்கு வா. சேர்ந்தே போவோம். ஒரு நீள மூங்கிலில் அடிக்கணக்கு குறித்து வைக்கிறேன். கரையில் நின்றபடி அந்தக் கயம் எத்தனை அடி என்று நீ முதலில் ஒரு தாளில் எழுதி என் கையில் கொடு. அப்புறம் கம்பை இறக்குகிறேன்.

அன்புடன்,
மாமா