ஆசிரியருக்கு நன்றி சொல்ல ஏன் இந்தத் தயக்கம்? (கிருத்திகைப் பாடம்)

ஓம் சரவணபவ!



இந்தக் கிருத்திகைக்கு எடுத்துக்கிட்ட விஷயம், நமக்குக் கத்துக்கொடுத்தவங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுங்கிறது. "நன்றி சார்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது, இதுல பாடம் என்ன இருக்கு?"ன்னு தோணலாம். ஆனா சொல்லணும்னு நினைச்சு நினைச்சு, கடைசி வரைக்கும் சொல்லாமலே விட்டவங்க நம்மில் நிறைய பேர். மனசுல நன்றி இல்லாமலா? நிறைய இருக்கும். "காக்கா பிடிக்கான்"னு நாலு பேர் பேசிருவாங்களோங்கிற பயம்தான் வாயைக் கட்டிப் போடுது.

போன மாசம் வழிபாடு முடிஞ்சதும் ஒரு அம்மா என்கிட்ட கேட்டாங்க:

"அண்ணாச்சி, எம் மூத்தவ நர்ஸிங் சேந்துட்டா. பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் இல்லன்னா அவ பத்தாவதோட நின்னுருப்பா. அந்த டீச்சருக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் குடுக்கணும்னு ஆசை. ஆனா சின்னவன் இப்ப அவுக வகுப்புலதான் படிக்கான். மார்க்குக்காகக் குடுக்கேன்னு நினைச்சிருவாகளோ? மகளும் 'வேண்டாம்மா, அசிங்கமா இருக்கும்'ங்கா. அப்போ ஒண்ணும் சொல்லாமலே விட்டுரவா?"

நியாயமான கேள்வி. இதுக்கு உடனே பதில் சொல்றதை விட, நம்ம முருகன் வழியிலேயே மூணு பேரைப் பார்த்துட்டு வருவோம்.

1. சுவாமிமலை: வாங்க ஒண்ணும் இல்லாதவர்

பிரணவத்தின் பொருளைக் கேட்க சிவபெருமானே பிள்ளை முன்னால் சீடனா நின்ற தலம் சுவாமிமலை. அப்பனுக்கே சுவாமியானதால முருகனுக்கு அங்கே சுவாமிநாதன்னு பேர். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உலகத்தையே ஆள்றவருக்கு அந்தச் சின்னப் பிள்ளைகிட்ட இருந்து என்ன ஆதாயம் வேணும்? பதவியா, பணமா? ஒண்ணும் இல்லை. அப்படியும் பணிஞ்சு கேட்டார். எதையும் எதிர்பார்க்காத பணிவு எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா இந்தக் காட்சியை மனசுல வச்சா போதும்.

2. ஸ்ரீவைகுண்டம்: குரு கண்ணுக்கு எட்டாத இடத்தில்

அடுத்தவர் நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். 17-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர். ஐந்து வயசு வரைக்கும் பேச்சு வராத பிள்ளை. பெத்தவங்க திருச்செந்தூருக்குக் கொண்டுபோய் முருகன்கிட்ட முறையிட, அங்கே பேச்சு வந்து 'கந்தர் கலிவெண்பா' பாடினார்னு அவர் வரலாறு சொல்லுது.

பிறகு தருமபுரம் ஆதீனத்தின் மாசிலாமணி தேசிகரைக் குருவா ஏத்துக்கிட்டார். யார் முன்னால தன் வாக்கு தடைபட்டு நிக்குதோ, அவரே தன் குருன்னு அவருக்கு உணர்த்தப்பட்டிருந்ததாம். தேசிகர் கேட்ட கேள்விக்கு அவரால பதில் சொல்ல முடியலை. திருச்செந்தூர்ல பேச்சைக் கொடுத்த முருகனே, அந்தப் பேச்சு நிக்கிற இடத்துல குருவைக் காட்டினான்னு நாம எடுத்துக்கலாம்.

அந்தக் குருவுக்கு அவர் எப்படி நன்றி சொன்னார்? குருவைப் போற்றி 'பண்டார மும்மணிக்கோவை' பாடினார். அதோட நிக்கலை. சுமார் ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற காசிக்குப் போய் அங்கே மடம் கண்டு, சைவத்தையும் தமிழையும் வளர்த்தார். தருமபுரத்துல இருக்கிற குரு தினமும் பார்த்து மெச்சுற தூரமா அது? பாராட்டுக்காகச் செய்றவன் குருவோட கண் எதிர்ல செய்வான். இவர் கண்ணுக்கு எட்டாத இடத்துல போய்ச் செய்தார்.

3. உ.வே.சா.: 57 வருஷம் கழிச்சுச் சொன்ன நன்றி

மூணாவது ஆள் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர். அவருக்கு வச்ச பேர் வேங்கடராமன். வீட்டுல கூப்பிடுற பேர் சாமிநாதன். அதுதான் நல்லா இருக்குன்னு அந்தப் பேரையே நிலைக்க வச்சவர் அவரோட ஆசிரியர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. நாம இன்னைக்கு சொல்ற 'சாமிநாதையர்', சுவாமிமலை முருகன் பேர், ஒரு ஆசிரியர் வாயால நிலைச்ச பேர்.

1871-ல மாயூரத்துல பிள்ளையவர்கள்கிட்ட மாணவரா சேர்ந்தார். பிள்ளையவர்கள் பாடம் சொல்லக் காசு வாங்காதவர். மாணவர்களோட சாப்பாட்டையும் கவனிச்சுக்கிட்டவர். 1876 பிப்ரவரி 1-ஆம் தேதி அவர் காலமாகிட்டார். சாமிநாதையர் படிச்சது சுமார் ஐந்து வருஷம்தான்.

பிறகு 1880-ல கும்பகோணம் கல்லூரி வேலை, 1887-ல சீவக சிந்தாமணிப் பதிப்பு, 1906-ல மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932-ல சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். இவ்வளவும் வந்த பிறகு, எண்பதை நெருங்கின வயசுல, தன் ஆசிரியர் வரலாற்றை ரெண்டு பாகமா எழுதி 1933, 1934-ல வெளியிட்டார். ஆசிரியர் மறைஞ்சு 57 வருஷம் ஆச்சு. செத்துப்போன மனுஷர் யாருக்குச் சிபாரிசு செய்வார்? அதனாலதான் அந்தப் புத்தகத்தைப் பார்த்து யாரும் 'காக்கா பிடிக்கார்'னு சொல்ல முடியாது.

இன்னொண்ணும் கவனிங்க. "என் ஆசிரியர் மிகப் பெரியவர்"னு வெறும் புகழ்ச்சியா அவர் எழுதலை. எந்த ஊர்ல, யாருக்கு, என்ன பாடம் சொன்னார்னு விவரம் விவரமா சேர்த்து எழுதினார். நடந்ததைச் சொன்னா அது நன்றி. வெறும் அடைமொழியா அடுக்கினா அது முகஸ்துதி.

நம்ம கடல் சொல்ற பாடம்

நம்ம கரையில முத்துக்குளிப்பு நின்னு அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா வேலை எப்படி நடந்ததுன்னு பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. கல்லைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் மூச்சடக்கி உள்ளே போவார். மேல படகுல ஒருத்தர் கயிற்றைப் பிடிச்சிருப்பார். உள்ளே இருக்கிறவர் கயிற்றை அசைச்சா, "என்னைத் தூக்கு"ன்னு அர்த்தம். அது கோரிக்கை. நன்றியைப் படகுல ஏறி, மூச்சு வாங்கி, முகத்தைப் பார்த்துச் சொல்லலாம்.

நம்ம ஆசிரியர்களும் அப்படிக் கயிறு பிடிச்சவங்கதான். கயிற்றை அசைச்சுக்கிட்டே சொல்ற நன்றியில, கோரிக்கைதான் முதல்ல கேட்கும்.

கேட்கிறது தப்புன்னு சொல்லலை. சிபாரிசுக் கடிதம் வேணும்னா, "சார், எனக்கு இந்த உதவி வேணும்"னு நேராக் கேளுங்க. அதை வேறொரு நாள் கேளுங்க. நன்றிக்குள்ள ஒளிச்சு வைக்காதீங்க.

அந்த அம்மாவுக்குச் சொன்னது

பட்டுச்சேலை வேண்டாம்னு சொன்னேன். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பரிசு வாங்குறதுக்கு 1973-ஆம் வருஷத்து நடத்தை விதிகளே கட்டுப்பாடு வச்சிருக்கு. நாம ஆசையாக் கொடுக்கிறது அவங்களுக்குச் சங்கடமா முடியக் கூடாது. சின்னவன் அதே வகுப்புல இருக்கும்போது இன்னும் சங்கடம்.

அதுக்குப் பதிலா, படிச்ச பிள்ளையே ஒரு கடிதம் எழுதட்டும்னு சொன்னேன். தாய் எழுதினா சின்னவன் ஞாபகம் வரும். மகள் எழுதினா மகள் கதை மட்டும் இருக்கும். எழுதும்போது கவனிக்க வேண்டியது நாலு:

• நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லணும். "நீங்கதான் தெய்வம்" மாதிரி வார்த்தை வேண்டாம்.
• அது இப்போ எப்படிப் பயன்படுதுன்னு சொல்லணும்.
• தம்பி பேரே வரக் கூடாது. "அவனையும் பாத்துக்கோங்க"ன்னு ஒரு வரி சேர்ந்தாலும் கடிதம் மனுவா மாறிரும்.
• "எனக்கு உங்ககிட்ட ஒண்ணும் வேண்டாம்"னும் எழுத வேண்டாம். கேட்காம இருந்தாலே அவங்களுக்குப் புரியும்.

அந்தப் பிள்ளை எழுதினதை அவளோட அனுமதியோட தர்றேன்:

"டீச்சர், வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் பின்னக் கணக்கு வராது. மதியம் சாப்பிட்ட பிறகு என்னை மட்டும் உட்கார வைத்து, ஒரு தோசையை வெட்டுவது போல் படம் போட்டுச் சொல்லித் தந்தீர்கள். இப்போது மருந்து அளவு கணக்குப் போடும்போது அந்தத் தோசைதான் நினைவுக்கு வருகிறது. தப்பில்லாமல் போடுகிறேன். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நன்றி டீச்சர்."

இதுல புகழ்ச்சி எங்கே இருக்கு? கோரிக்கை எங்கே இருக்கு? ஒரு தோசைப் படம் வருங்காலத்துல ஒரு நோயாளியோட உயிரைக் காப்பாத்தப் போகுதுங்கிற செய்தி மட்டும்தான் இருக்கு. எந்த ஆசிரியருக்கும் பட்டுச்சேலையை விட இது பெரிசு.

நேர்த்திக்கடன் இல்லை

கடைசியா ஒண்ணு. முருகனுக்கு மொட்டை போடுறதா வேண்டினா, போட்டதும் நேர்த்திக்கடன் தீர்ந்துது. ஆசிரியர் நன்றியை அப்படி ஒரே நாள்ல தீர்க்க முடியாது. ஒரு கடிதம் தொடக்கம். மீதியை நாம யாருக்காவது சொல்லிக் கொடுத்துத்தான் கொஞ்சம் கொஞ்சமா அடைக்கணும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஆசிரியர் தினம் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு எந்தக் காரியமும் பாக்கி இல்லாத ஒரு ஆசிரியரை நினைச்சுக்கோங்க. அவர் செய்த ஒரே ஒரு விஷயத்தை ஐந்து வரியில எழுதி அனுப்புங்க. குழுவுல போட்டு எல்லாருக்கும் காட்ட வேண்டாம், அவருக்கு மட்டும். அவர் இப்போ இல்லைன்னா, அவர் பிள்ளைகளுக்கு எழுதுங்க. தங்கள் அப்பா, அம்மாவைப் பத்தி அவங்களுக்கே தெரியாத ஒரு நல்ல சேதி அவங்க கைக்குப் போய்ச் சேரட்டும்.

அப்பனுக்கே குருவா நின்ற சுவாமிநாதன் எல்லாருக்கும் நல்ல ஆசிரியரையும், அவரை மறக்காத மனசையும் தரட்டும்.

வேலும் மயிலும் துணை.
திருச்செந்தூர் முருகனுக்கு அரோகரா!