முதலில் ஓட்டிய லாரி

முதலில் ஓட்டிய லாரியை எந்த டிரைவரும் மறக்க மாட்டார். பெங்களூர் பிரேசர் டவுனில் வயதான டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். "டாட்டா பென்ஸ்" என்பார் ஒருவர். "லேலண்டு" என்பார் இன்னொருவர்.

டாட்டா பென்ஸ் லாரி 1954-இல் ஜாம்ஷெட்பூரில் தயாராகத் தொடங்கியது. ஜெர்மனியின் பென்ஸ் கம்பெனி கூட்டுச் சேர்ந்தது. லாரியின் முன்புறம் நட்சத்திரக் குறி இருக்கும். படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்து வண்டியைச் சொல்வார். 1969-இல் கூட்டு முடிந்தது. நட்சத்திரமும் போனது. லேலண்டு லாரி சென்னை எண்ணூரில் தயாரானது.

அந்த லாரிகளில் பவர் ஸ்டியரிங் கிடையாது. பாரம் ஏற்றினால், வளைவில் திருப்பத் தோள் வலிக்கும். மேட்டில் வண்டி நின்றால் கிளீனர் குதித்து இறங்குவார். சக்கரத்துக்குப் பின்னால் கட்டை போடுவார்.

பெங்களூரிலிருந்து சேலம் போகிறோம். தருமபுரியைத் தாண்டினால் தொப்பூர் கணவாய். அங்கே நீண்ட இறக்கம் உண்டு. டீசலை மிச்சம் பிடிக்கச் சிலர் வண்டியை நியூட்ரலில் விடுவார்கள். இது பெரிய ஆபத்து.

கியரில் இருந்தால் என்ஜினும் வேகத்தை அடக்கும். நியூட்ரலில் பிரேக் மட்டுமே அடக்க வேண்டும். பிரேக் சூடேறும். பிறகு பிடிக்காது. 2020 டிசம்பரில் இந்த இறக்கத்தில் ஒரு லாரி பல வண்டிகள் மேல் மோதியது. உயிர்கள் போயின.

ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும். பழைய லாரி கற்றுத் தந்த பாடம் இது. புது லாரிக்கும் இதே பாடம்தான்.

உங்கள் வீட்டில் டிரைவர் இருக்கிறாரா? இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

பயிற்சி

1. லேலண்டு லாரி எங்கே தயாரானது?
2. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் என்ன ஆகும்?
3. எழுதிப் பழகுங்கள்: கியர், பிரேக், இறக்கம்.