எழுதி வைத்தால்தான் வேலை: ஊரிலிருந்து பணியாற்றுவோருக்குச் சில யோசனைகள்

கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் வேலை பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் இருப்பது நியூயார்க்கில். 2020 மார்ச் ஊரடங்கின்போது மடிக்கணினியோடு ஊருக்கு வந்த பலரும் திரும்பிப் போய்விட்டார்கள். நான் தங்கிவிட்டேன். இந்த வாழ்க்கையில் பழகிக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

ரவுட்டரைக் கவனியுங்கள்: மின்சாரம் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், ரவுட்டர் ஓடாது. இன்வெர்ட்டர் இருந்தாலும், மின்சாரம் மாறுகிற நொடியில் ரவுட்டர் அணைந்துவிடலாம். மறுபடி லைன் வர ஓரிரு நிமிடம் ஆகும். அதற்குள் கூட்டத்தில் உங்கள் முறை வந்து போயிருக்கும். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்கென்றே மினி யுபிஎஸ் விற்கிறது. அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்து வாங்குங்கள். மாற்று இணைப்பாக இன்னொரு ஃபைபர் எடுத்தால், இரண்டும் ஒரே கம்பத்தில் வருகிறதா என்று பாருங்கள். லாரி உரசினால் இரண்டும் சேர்ந்தே அறுந்துபோகும். மொபைல் டேட்டா அதைவிட நல்ல துணை.

கடிகாரம் மாறும்: அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வைப்பார்கள். நியூயார்க்கின் காலை 10 மணிக் கூட்டம் நமக்குக் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரவுக் கூட்டம் உள்ள நாளில் காலையில் தாமதமாகத்தான் தொடங்குவேன் என்று மேலாளரிடம் பேசி, மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

விவரமாக எழுதுங்கள்: "வேலை போய்க்கொண்டிருக்கிறது" என்று தினமும் மாலையில் குறிப்பு அனுப்புவதால் யாருக்கும் பயனில்லை. "லாகின் பிழை சரியாகிவிட்டது. டெஸ்ட் சர்வரில் ஏற்றியிருக்கிறேன். வரிக் கணக்கு பற்றி வாடிக்கையாளர் பதில் புதனுக்குள் வராவிட்டால் ரிலீஸ் தள்ளிப்போகும்" என்று எழுதினால், மேலாளர் யாரை விரட்ட வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

ஜூம், டீம்ஸ் கூட்டங்களில் இப்போது செயற்கை நுண்ணறிவே குறிப்பெடுக்கிறது. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றால், அது தானாக ஊகித்து எழுதிவிடக்கூடும். அதனால் முடிக்கும்முன் இம்மூன்றையும் சத்தமாக ஒருமுறை சொல்லிவிடுவேன். இனிப் புதிதாகச் சேருபவரின் சந்தேகங்களுக்கு இந்தக் கருவிகள்தான் பதில் சொல்லப்போகின்றன, நாம் எழுதி வைத்ததைப் படித்து. அலுவலகமே இல்லாத கிட்லாப் நிறுவனம் தன் நடைமுறைகளைக் கையேடாக எழுதி, எவரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருப்பது இதற்கு நல்ல முன்மாதிரி.

அடம் வேண்டாம்: வாரம் முழுக்க வீட்டிலிருந்துதான் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு, 2024இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களிடையே ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத் தரமும் பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை. மேலாளரிடம் பேசப் போகும்போது கைகொடுக்கும் தகவல் இது. முதல் வேலையில் சேருபவர்கள் மட்டும் சில மாதமாவது குழுவோடு ஒரே இடத்தில் இருங்கள். முகம் பழகியவரிடம் சந்தேகம் கேட்கக் கூச்சம் இருக்காது.

பிறகு ஊருக்கு வந்தாலும் தினசரிக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். சம்பள உயர்வு பேசும் நாளில், கண்ணில் படாத ஊழியருக்குச் சாட்சி அதுதான்.