ஓசையின்றி ஓடும் பட்டை

நுழையும்முன்

வாகனம் இல்லாத நம் அன்றாட வாழ்வை எண்ணிப் பார்ப்பது அரிது. ஆயினும் அதன் உள்ளுறுப்புகளைப் பற்றி நாம் அறிந்தது சிறிதே. எஞ்சினின் பக்கவாட்டு மூடிக்குள் மறைந்து சுழலும் ரப்பர்ப் பட்டை ஒன்று, ஒரு குடும்பத்தின் வருவாயைத் தாங்கி நிற்பதுண்டு. அப்பட்டையை மாற்றும் காலம் வரும்போது சரியானதைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதைச் சேலம், நாமக்கல் சமவெளியின் சூழலில் வைத்து விளக்குகிறது இப்பாடம்.

லாரிகளின் நிலம்

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் தெற்கு நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44இல் விடியற்காலையில் பயணம் செய்வோர், முட்டை அட்டைகளை அடுக்கிய சிறு சரக்குந்துகள் விரைவதைக் காண்பர். ஓர் அட்டைக்கு 30 முட்டைகள். கோழிப்பண்ணையிலிருந்து புறப்பட்ட வண்டி, கடை திறக்கும் நேரத்திற்குள் ஊர் சேர வேண்டும். வழியில் நின்றுவிட்டால் சரக்கும் போகும். அன்றைய வாடகையும் போகும்.

1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரிகளுக்குக் கூடு கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. சங்ககிரி லாரி உரிமையாளர்களின் ஊர். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. இந்நிலத்தின் பட்டறைகளில் பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் எஞ்சினின் குரலைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவர். அவர்களுக்குக் காதே முதற்கருவி.

ஆனால், அந்தக் காதறிவு கைகொடுக்காத இடமும் உண்டு. லாரியின் பெரிய டீசல் எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் ஆற்றலைப் பெரும்பாலும் பற்சக்கரங்களே கடத்துகின்றன. அவை தேய்ந்தால் ஓசை எழும். சில மகிழுந்துகளில் அப்பணியைச் சங்கிலி செய்கிறது. சங்கிலி தளர்ந்தால், காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் கலகலவென்று சத்தமிடும். வேறு பல மகிழுந்துகளிலும் சிறு சரக்குந்துகளிலும் அதே பணியைச் செய்வது ரப்பர்ப் பட்டை. அது பெரும்பாலும் எந்த முன்னறிவிப்பும் தருவதில்லை. நேற்றுவரை அமைதியாக ஓடிய வண்டியில் இன்று அறுந்துவிடுகிறது.

பட்டையின் பணி

எஞ்சினில் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது வணரித்தண்டு. பட்டறையில் இதனைக் கிராங்க் என்பர். காற்று உள்ளே வரவும் புகை வெளியேறவும் வால்வுகளைத் திறந்து மூடச்செய்வது நெம்புருள்தண்டு, பட்டறைவழக்கில் கேம். இவ்விரண்டையும் இணைத்து ஒரே ஒழுங்கில் சுழலச்செய்யும் பற்கள் கொண்ட பட்டையே டைமிங் பெல்ட். உதிரிபாகக் கடையில் கேட்டுப் பெற உதவுபவை பட்டறைச் சொற்களே என்பதால், இனி இப்பாடமும் அவற்றையே கையாள்கிறது.

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஆதலால், கேம் சக்கரத்தின் பற்கள் கிராங்க் சக்கரத்தின் பற்களைப்போல் இருமடங்காக இருக்கும். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுற்றுவதாகக் கொண்டால், கேம் 1,500 சுற்றுகள் சுற்றும். அப்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். அதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 90,000 முறை. அத்தனை முறையும் வால்வு மூடும் நேரத்தில் பிஸ்டன் மேலேறி வர வேண்டும். முன்னும் கூடாது, பின்னும் கூடாது.

டீசல் எஞ்சினில் காற்றை மிகுதியாக அழுத்த வேண்டியிருப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் மேல்தட்டுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளியே எஞ்சுகிறது. பட்டை ஒரு பல் நழுவினால் வண்டியின் இழுவை குறையும், புகை மிகும். பல பற்கள் நழுவினாலோ, பட்டை அறுந்தாலோ, திறந்து நிற்கும் வால்வின்மீது பிஸ்டன் மோதும். வால்வுகள் வளையும், சில வேளைகளில் பிஸ்டனும் உடையும். எஞ்சினின் தலைப்பகுதியையே கழற்ற வேண்டிய செலவு வந்து சேரும். எல்லா எஞ்சின்களும் இவ்வாறு அமைந்தவையல்ல. பட்டை அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாத அமைப்புடையவையும் உண்டு. அவை நின்றுவிடுமே தவிர உடைவதில்லை. நம் வண்டி எவ்வகை என்பதை உரிமையாளர் முன்னரே கேட்டறிந்து கொள்வது நல்லது. அறுந்தபின் அறிவது பயன்தராது.

தையல் இயந்திரத்திலிருந்து மகிழுந்துக்கு

பற்கள் கொண்ட பட்டை வாகனத்திற்கென்று பிறந்ததன்று. 1940களில் அமெரிக்காவில், சிங்கர் தையல் இயந்திரத்தில் ஊசியின் இயக்கத்தையும் அடிநூலின் இயக்கத்தையும் பிசகாமல் இணைப்பதற்காக கில்மர் நிறுவனத்தில் ரிச்சர்ட் கேஸ் என்பவர் இதனை உருவாக்கினார். ஊசி இறங்கும் கணத்தில் கீழே கொக்கி நூலைப் பற்ற வேண்டும் என்ற தேவையே, வால்வும் பிஸ்டனும் ஒத்தியங்க வேண்டும் என்ற தேவையாக எஞ்சினுக்குள் வந்தது. செருமனியின் பவேரியப் பகுதியில் இயங்கிய கிளாஸ் நிறுவனம், தன் கிளாஸ் 1004 மகிழுந்தில் 1962இல் இப்பட்டையைப் பயன்படுத்தியது. விற்பனைக்கு வந்த மகிழுந்துகளில் டைமிங் பெல்ட் பெற்ற முதல் வண்டி அதுவே.

ஓசை குறைவு, எடை குறைவு, எண்ணெயிட வேண்டாம் ஆகிய காரணங்களால் பட்டை பரவியது. 1983இல் வெளிவந்து நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் முதல் மகிழுந்தாக விளங்கிய மாருதி 800, பட்டை கொண்ட எஞ்சினையே பெற்றிருந்தது. 2005இல் வெளிவந்த டாடா ஏஸ் சரக்குந்தும் அப்படியே. தமிழ்நாட்டுச் சாலைகளில் அதற்குக் 'குட்டியானை' என்று பெயர். முட்டை, மரவள்ளிக் கிழங்கு, சவ்வரிசி மூட்டை, கட்டுமானக் கம்பி என அது சுமக்காத பொருள் இப்பகுதியில் இல்லை.

பெயரன்று, எண்

"குட்டியானைக்கு ஒரு டைமிங் பெல்ட் கொடுங்கள்" என்று கடையில் கேட்டால் போதுமா? போதாது. ஏஸ் என்ற பெயரில் இரண்டு உருளைகள் கொண்ட 702 கன செ.மீ. டீசல் எஞ்சின் வண்டி முதலில் வந்தது. பின்னர் பெட்ரோல், எரிவாயு வகைகளும் வந்தன. சூப்பர் ஏஸ் என்பது நான்கு உருளைகள் கொண்ட 1,405 கன செ.மீ. எஞ்சினுடன் வந்தது. (மின்கலத்தில் ஓடும் ஏஸும் இப்போது உண்டு. அதற்கு இந்தப் பட்டைக் கவலையே இல்லை!) முதலில் வந்த ஏஸின் எஞ்சின், இண்டிகா மகிழுந்தின் டீசல் எஞ்சினைப் பாதியாக்கிப் பிறந்தது எனலாம். அந்த உறவை நம்பி ஒன்றன் பட்டை மற்றொன்றுக்கும் பொருந்தும் என்று கொள்வது வெறும் ஊகமே.

இன்னொரு சான்று இண்டிகா விஸ்டா. 2008இல் வெளிவந்த இவ்வண்டி ஒரே பெயரில் மூன்று எஞ்சின்களைக் கொண்டிருந்தது. 1.3 லிட்டர் குவாட்ராஜெட் டீசல் எஞ்சினில் சங்கிலி, 1.4 லிட்டர் டீசலில் பட்டை, 1.2 லிட்டர் பெட்ரோலிலும் பட்டை. வண்டியின் பெயரை மட்டும் சொல்பவருக்குக் கடைக்காரர் எதைக் கொடுப்பார்? இதற்கு மாறான நிலையும் உண்டு. ரெனோ நிறுவனத்தின் கே9கே என்னும் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் லோகன், டஸ்டர் ஆகியவற்றில் மட்டுமன்றி நிசான் நிறுவனத்தின் வண்டிகளிலும் இடம்பெற்றது. பெயர்கள் பல, எஞ்சின் குடும்பம் ஒன்று.

ஆகவே கடைக்குச் செல்லும்போது பதிவுச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அதிலுள்ள அடிச்சட்ட எண், எஞ்சின் எண், உற்பத்தியான மாதம், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு உதிரிபாக எண்ணைக் கண்டறியலாம். ஒரே ஆண்டில் எஞ்சினில் சிறு மாற்றம் செய்யப்பட்டிருந்தால் மாதமும் முடிவு செய்யும்.

பழைய பட்டையைக் கழற்றிக் கொண்டுபோய் ஒப்பிடுவது நம் பட்டறைகளின் வழக்கம். பற்களின் எண்ணிக்கை, அகலம், பல்லின் வடிவம், பற்களுக்கிடையிலான தூரம் ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். இவற்றுள் பலரும் கவனிக்காதது பல்லிடைத் தூரம். 8 மி.மீ. இடைவெளி கொண்ட பட்டைகளும் உண்டு, 9.525 மி.மீ. கொண்டவையும் உண்டு. ஒரு பல்லைப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. பத்துப் பற்களைக் கடந்தால் வேறுபாடு 15 மி.மீ.க்கும் மேல்! எனினும் பழைய பட்டையை மட்டுமே சான்றாகக் கொள்ளலாகாது. முன்பு மாற்றியவரே தவறானதைப் பொருத்தியிருக்கக் கூடும். எண்ணும் பட்டையும் ஒத்துப்போனால்தான் ஐயம் நீங்கும்.

பட்டை மட்டுமா, தொகுதியா?

கடையில் இரண்டு வகையாகக் கிடைக்கும். பட்டை மட்டும் தனியே வாங்கலாம். 'கிட்' என்னும் தொகுதியாகவும் வாங்கலாம். தொகுதியில் பட்டையுடன், அதனை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிநடத்தும் ஐட்லர் உருளை, சில எஞ்சின்களுக்குத் தேவையான புதிய திருகாணிகள் ஆகியவை இருக்கும். தனிப்பட்டை மலிவு என்பதால் பலரும் அதனையே நாடுகின்றனர். இந்தச் சிக்கனம் எனக்கு உடன்பாடானதன்று.

டென்ஷனரின் சிறு உருளை, கேம் சக்கரத்தைவிட வேகமாகச் சுழல்வது. அதனுள் இருக்கும் பேரிங்கில் இட்ட கிரீசு காலப்போக்கில் வறண்டுவிடும். பட்டை ஓடிய அத்தனை தூரமும் அதுவும் ஓடியிருக்கிறது. புதிய பட்டையைப் பழைய உருளையின்மீது ஏற்றினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் இறுகிப் புதிய பட்டையையும் அறுத்துவிடக் கூடும். மேலும், பட்டையை மாற்ற மூடிகளையும் வெளிப்பக்க பெல்ட்டுகளையும், பல வண்டிகளில் எஞ்சின் தாங்கியையும்கூடக் கழற்ற வேண்டும். கூலியின் பெரும்பகுதி இந்தக் கழற்றிப் பூட்டும் வேலைக்கே. டென்ஷனருக்காக மீண்டும் ஒருமுறை அதே கூலியைக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

தண்ணீர்ப் பம்பும் இவ்வாறே. முன்னர்க் கூறிய கே9கே போன்ற எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டே தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. அத்தகைய வண்டிகளுக்குப் பம்பு சேர்ந்த தொகுதியே ஏற்றது. பம்பு கசிந்தால் குளிர்விக்கும் நீர் பட்டையின்மீது வழியும். மாருதி 800இல் பம்பை வேறொரு பெல்ட் சுழற்றுவதால் இந்தத் தேவை இல்லை. அதேபோல் கிராங்க், கேம் ஆகியவற்றின் முகப்பில் உள்ள எண்ணெய்த் தடுப்பான்களையும் அவ்வேளையில் பார்த்துவிட வேண்டும். பட்டறையில் இவற்றை 'ஆயில் சீல்' என்பர். ரப்பருக்கு எண்ணெய் பகை.

எப்போது மாற்றுவது?

இன்றைய பட்டைகள் பெரும்பாலும் ஹைட்ரஜனேற்றிய நைட்ரைல் ரப்பரால் ஆனவை. உள்ளே கண்ணாடி இழைகள் நீளவாக்கில் ஓடி இழுவிசையைத் தாங்குகின்றன. பற்களின்மேல் நைலான் துணி போர்த்தியிருக்கும். வெளித்தோற்றம் நன்றாக இருப்பதாலேயே உள்ளிழைகளும் நன்றாக உள்ளன என்று கொள்ள இயலாது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் கிலோமீட்டர், ஆண்டு என இரண்டு எல்லைகளைக் குறிக்கின்றனர். எது முன்னே வருகிறதோ அதுவே எல்லை. வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் ரப்பரும் மூப்படைகிறது.

எல்லை வண்டிக்கு வண்டி வேறுபடும். அதற்குரிய கையேட்டைப் பார்ப்பதே முறை. சேலம், நாமக்கல் பகுதியின் கோடை வெயிலும் புழுதிச் சாலைகளும் நிறைசுமையும் பட்டையின் ஆயுளைக் கூட்டுவன அல்ல. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு நாள்தோறும் சரக்கேற்றிச் செல்லும் வண்டிக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் மகிழுந்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. கடும்பயன்பாட்டிற்கெனக் கையேட்டில் குறுகிய எல்லை தரப்பட்டிருந்தால் அதனையே கொள்ள வேண்டும். சில டொயோட்டா டீசல் வண்டிகளில் பட்டை மாற்றும் தூரம் வந்ததும் முகப்புப் பலகையில் விளக்கு எரியும். அவ்விளக்கு தூரத்தைக் கணக்கிடுகிறதே தவிரப் பட்டையைப் பார்ப்பதில்லை.

பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு சொல். "போன வருடம்தான் மாற்றினேன்" என்று விற்பவர் கூறலாம். இரசீது உண்டா என்று கேட்க வேண்டும். இல்லையெனில் மாற்றும் காலம் வந்துவிட்டதாகவே கொள்வது பாதுகாப்பானது.

புதிய தொகுதி வாங்கும்போது உறையின் அச்சு, முத்திரை ஆகியவற்றை உற்றுநோக்க வேண்டும். போலிகள் சந்தையில் உலவுகின்றன. இரசீதில் உதிரிபாக எண்ணை எழுதி வாங்குவது நன்று. ஆணியில் தொங்கவிட்டதையும் வெயிலில் காய்ந்ததையும் ஏற்கலாகாது. நன்றாக வளைகிறதா என்று பார்க்கப் பட்டையை மடித்தோ திருகியோ காட்டும் பழக்கம் சில கடைகளில் உண்டு. மடித்த இடத்தில் கண்ணாடி இழை முறிந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

பொருத்திய பின்

எஞ்சின் ஆறியிருக்கும்போதே பொருத்த வேண்டும். கிராங்க், கேம் சக்கரங்களில் உள்ள குறிகள் அவற்றுக்குரிய நிலைக்குறிகளோடு நேராக நிற்க, பட்டையை ஏற்றி, டென்ஷனரை அளவாக இறுக்குவர். அதன்பின் நல்ல மெக்கானிக் சாவியைத் தொடமாட்டார். ஸ்பேனரைக் கொண்டு கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச்சுற்றுச் சுற்றுவார். கிராங்க் இரண்டு சுற்று முடிக்கும்போதுதான் கேம் ஒரு சுற்று முடித்துத் தொடங்கிய இடத்திற்குத் திரும்பும். இடையில் எங்கேனும் கை தடுக்கினால் வால்வும் பிஸ்டனும் முட்டுகின்றன என்று பொருள். அங்கேயே நிறுத்திக் குறிகளைச் சரிபார்ப்பார். தடையின்றிச் சுற்றிக் குறிகள் மீண்டும் நேர்நின்றால் மூடியைப் பூட்டி, அதன்மேல் அன்றைய தேதியையும் வண்டி ஓடிய கிலோமீட்டரையும் எழுதி ஒட்டுவார்.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதியிலுள்ள வாகனப் பட்டறைக்குச் சென்று, எஞ்சின் உறுப்புகளுக்கு அங்கு வழங்கும் பெயர்களைத் திரட்டி, அவற்றுக்குரிய தமிழ்க் கலைச்சொற்களுடன் அட்டவணையாக்குக.

உங்கள் வீட்டிலோ அருகிலோ உள்ள ஒரு வாகனத்தில் வால்வுகளை இயக்குவது பற்சக்கரமா, சங்கிலியா, பட்டையா என்பதைக் கையேட்டின் உதவியுடன் கண்டறிந்து வகுப்பில் உரையாடுக.