ஒரே ஆள், பதினான்கு வாலட்: கிரிப்டோ உலகின் போலிப் பயனர்கள்



தைப்பூசத்தில் அன்னதானப் பந்தலில் தொண்டு செய்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும். ஐந்நூறு பொட்டலம் இருக்கும். ஆளுக்கு ஒன்று என்று சொல்லித்தான் கொடுப்போம். ஆனால் ஒருத்தர் வாங்கிக்கொண்டு போய், சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடியும் வரிசையில் வந்து நிற்பார். கூட்ட நெரிசலில் நமக்கும் அடையாளம் தெரியாது. கடைசியில் கைக்குழந்தையோடு வெயிலில் நின்ற அக்காவிடம், "முடிஞ்சிருச்சிக்கா" என்று சொல்ல வேண்டி வரும்.

கிரிப்டோ உலகத்திலும் இதே கதை தினமும் நடக்கிறது. அங்கே பொட்டலத்துக்குப் பதில் டோக்கன், சட்டைக்குப் பதில் வாலட். நம் வயதுப் பிள்ளைகள் நிறைய பேர் இதில் இறங்கியிருக்கிறார்கள். அதனால் இந்த மாத வகுப்புக்கு இதையே பாடமாக எடுத்துக்கொண்டேன்.

சும்மா கிடைத்த பணம்

புதிதாக வரும் கிரிப்டோ திட்டங்கள் தங்களைப் பயன்படுத்தியவர்களுக்கு இலவசமாக டோக்கன் கொடுப்பதுண்டு. இதற்கு ஏர்டிராப் என்று பெயர். 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் என்ற திட்டம், அதற்கு முன்பு ஒரே ஒரு தடவை பயன்படுத்திய வாலட்டுக்கும் 400 டோக்கன் கொடுத்தது. 2021 மே மாதத்தில் அந்த டோக்கன் ஒன்றின் விலை 40 அமெரிக்க டாலரைத் தாண்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 16,000 டாலருக்கு மேல்!

அதைப் பார்த்தவுடன் எல்லார் மனசிலும் ஒரே கேள்விதான்: "ஒரு வாலட்டுக்கே இவ்வளவுன்னா, நூறு வாலட் வச்சிருந்தா?"

வாலட் திறக்கப் பணம் வேண்டாம், ஐசி வேண்டாம், பெயர்கூட வேண்டாம். ஒரு நிமிடம் போதும். அடுத்த ஏர்டிராப்பை எதிர்பார்த்து ஆயிரக்கணக்கில் வாலட் திறந்து, உண்மையான பயனர் மாதிரி நடித்து அறுவடை செய்யும் வேலை அப்படித்தான் பெருகியது.

திட்டம் நடத்துபவர்களிலும் சிலர் இதைக் கண்டுகொள்ளாமல் விடுவது உண்டு. "எங்களுக்கு இத்தனை லட்சம் பயனர்கள்" என்று காட்டினால்தானே முதலீடு வரும்? டோக்கன் கொடுத்து முடிந்ததும் அந்தக் கூட்டம் கலைந்துவிடும்.

சைபில் என்ற பெயர்

ஒரே ஆள் பல ஆளாக நடித்து ஓர் அமைப்பை ஏமாற்றுவதற்கு சைபில் தாக்குதல் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜான் டூசர் 2002-இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார். பல ஆளுமைகள் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி 1973-இல் வந்த நூலின் பெயர் சைபில். அந்தப் பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது.

டூசர் சொன்னதன் சாரம்: யார் யார் என்று சரிபார்க்கும் பொது அதிகாரம் ஒன்று இல்லாத இடத்தில், இந்த ஏமாற்றை முழுதாகத் தடுப்பது நடைமுறையில் முடியாத காரியம்.

பிட்காயின் இதற்கு வேறு வழி கண்டது. அது ஆளை எண்ணுவதில்லை, கணினி செய்யும் வேலையை எண்ணுகிறது. ஆயிரம் பெயரில் வந்தாலும் ஆயிரம் கணினிக்கான மின்சாரச் செலவை நீங்கள்தான் கட்ட வேண்டும். எத்திரியத்தில் சரிபார்ப்பவராகச் சேர, ஒவ்வோர் இடத்துக்கும் குறைந்தது 32 ஈதர் பிணையாக வைக்க வேண்டும். ஏர்டிராப்பில் அப்படி இல்லை. அங்கே வாலட்டைத்தான் எண்ணுகிறார்கள், வாலட் திறக்கச் செலவே இல்லை. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். இப்படிக் கொடுக்கும் டோக்கன் பல திட்டங்களில் வாக்குச் சீட்டும் ஆகும். திட்டம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களிப்பார்கள். நம் ஊரில் 'பெங்குண்டி ஹந்து' என்று சொல்கிறோமே, அந்தப் பேய் வாக்காளர் கதைதான் இது.

தமயந்தி பார்த்த அடையாளம்

போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நளன் கதையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேர் தேவர்கள். தமயந்தி முகத்தை வைத்து முடிவு செய்யவில்லை. யார் கண் இமைக்கிறது, யாருக்கு வியர்க்கிறது, யார் மாலை வாடியிருக்கிறது, யார் கால் தரையில் படுகிறது என்று பார்த்தாள். தேவர்களிடம் ஒரு குறையும் இல்லை. குறை இருந்தவன்தான் உண்மையான நளன்.

இன்றைய ஆய்வாளர்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள். பிளாக்செயினில் நடந்த பரிமாற்றம் எல்லாருக்கும் தெரியும், அழியவும் அழியாது. அதில் மூன்று அடையாளங்களைத் தேடுவார்கள்.

முதலாவது, பணம் வந்த வழி. ஒரே வாலட்டிலிருந்து ஐம்பது வாலட்டுக்குப் பணம் பிரிந்து போயிருந்தால், படம் வரைந்து பார்க்கும்போது நட்சத்திரம் மாதிரி தெரியும்.

இரண்டாவது, நேரம். உண்மையான மனிதன் இன்றைக்கு ஒன்று செய்வான், அப்புறம் இரண்டு வாரம் மறந்துவிடுவான். போலி வாலட்டுகள் ஒரே வேலையை, ஒரே வரிசையில், சில நிமிட இடைவெளியில் செய்யும். அவற்றின் மாலை வாடுவதில்லை!

மூன்றாவது, பணம் சேரும் இடம். டோக்கன் கைக்கு வந்ததும் எல்லாம் மறுபடி ஒரே வாலட்டில் போய் விழும்.

2022-இல் ஹாப் என்ற திட்டம் முதலில் தகுதி பெற்ற 43,058 வாலட்டுகளைச் சோதித்து, அதில் 10,253 போலி என்று நீக்கியது. ஏறக்குறைய நாலில் ஒன்று. 2024 மே மாதத்தில் லேயர்சீரோ வேறு மாதிரி செய்தது. "நீங்களே வந்து ஒப்புக்கொண்டால் உங்கள் பங்கில் 15 விழுக்காடு தருவோம், நாங்கள் பிடித்தால் ஒன்றும் இல்லை" என்று இரண்டு வார அவகாசம் கொடுத்தது. சந்தேகப் பட்டியலில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட வாலட்டுகள் வந்தன. இப்படி வடிகட்டும்போது ஒரு தப்பும் செய்யாதவர்கள் மாட்டிக்கொள்வதும் உண்டு. அந்தப் பாவமும் போலிகள் கணக்கில்தான் சேரும்.

என் கதை

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் படித்து மட்டும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில் நானும் பதினான்கு வாலட் வைத்திருந்தேன். ஹாஸ்டலில் ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தார். கல்விக் கடனில் மிச்சம் பிடித்த பணத்தில் கிட்டத்தட்ட 700 ரிங்கிட்டைப் பரிமாற்றக் கட்டணத்திலேயே கரைத்தேன். இரண்டு மாதம், ராத்திரி ஒரு மணி வரைக்கும் இதே வேலை. பட்டியல் வந்தபோது பதினான்கில் ஒன்றுகூட இல்லை. எல்லா வாலட்டுக்கும் ஒரே இடத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் பணம் போட்டிருந்தேன். பொறியியல் படிக்கிற பையன்!

அதோடு விட்டேனா? இல்லை. அடுத்த திட்டத்தில் ஐசியும் முகமும் காட்டிப் பதிய வேண்டும், ஆளுக்கு ஒரு கணக்குதான். விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அம்மாவின் ஐசியைக் கேட்டேன். "எதுக்குடா?" என்றார். "சும்மாதாம்மா, ஒரு பதிவு" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. கைப்பேசியை நீட்டியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சிரிக்கணுமா?" என்றார்.

அந்தப் படத்தை என்னால் அனுப்ப முடியவில்லை. அழித்துவிட்டேன்.

கண்ணையே கொடுத்தாலும்

ஒரு ஆளுக்கு ஒரு கணக்கு என்பதை உறுதி செய்ய, வேர்ல்ட்காயின் திட்டம் கண்ணின் கருவிழியையே படம் எடுக்கத் தொடங்கியது. கருவிழியை மாற்ற முடியாது, சரிதான். ஆனால் பதிந்த பிறகு அந்தக் கணக்கை வேறொருவரிடம் விற்கலாமே? சிலர் அதையும் செய்தார்கள். 2024-இல் சிங்கப்பூர் காவல்துறை, வேர்ல்ட்காயின் கணக்கைப் பிறரிடம் கொடுக்கவோ விற்கவோ வேண்டாம் என்று பொதுமக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று.

ஏன் இவ்வளவு கவலை? உங்கள் பெயரில் இருக்கும் கணக்கு வேறொருவன் கையில் இருந்தால், அதன் வழியாக மோசடிப் பணம் ஓடலாம். போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான். மலேசியாவில் 'கழுதைக் கணக்கு' வழக்குகளில் மாட்டியவர்கள் பலர் சில நூறு ரிங்கிட்டுக்கு ஆசைப்பட்டு வங்கி அட்டையைக் கொடுத்தவர்கள்தான். "ஐசி படம் அனுப்பு, ஐம்பது ரிங்கிட் தர்றேன்" என்று யாராவது சொன்னால், அதுவும் இதே பாதைதான். தெரியாமல் பணத்தை இழந்திருந்தால் வெட்கப்படாமல் உடனே 997-க்கு அழையுங்கள்.

நமக்கு என்ன பாடம்?

பதஞ்சலி சொன்ன ஐந்து யமங்களில் மூன்றாவது அஸ்தேயம், அதாவது களவு செய்யாமை. திருக்குறளில் கள்ளாமைக்குத் தனி அதிகாரமே உண்டு. "யார் வீட்டையும் உடைக்கலையே, சிஸ்டம் கொடுக்குது, நான் எடுக்கிறேன்" என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டவன்தான். ஆனால் பொட்டலம் ஐந்நூறுதான். நான் பதினாலு எடுத்தால், வரிசையில் பதின்மூன்று பேருக்கு இல்லை. அவர்கள் முகம் திரையில் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கும் கருவியும் ஓரளவுக்குத்தான் காவல் காக்கும். கருவிழி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டார்கள். அதற்கு மேல் காக்க வேண்டியது நம் மனசாட்சி.

வகுப்பில் பேசிப் பார்க்க:

1. நண்பன் ஒருவன் "உன் பேர்ல ஒரு கணக்கு மட்டும் திறந்து கொடு" என்று கேட்டால், நட்பு கெடாமல் எப்படி மறுப்பீர்கள்?
2. விதியில் தடை இல்லை என்பதாலேயே ஒரு செயல் சரியாகிவிடுமா?
3. அடுத்த அன்னதானத்தில், யார் மனதும் புண்படாமல் எல்லாருக்கும் பங்கு கிடைக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால் பந்தல் குழுவிடம் சொல்லுங்கள். அடுத்த தைப்பூசத்தில் செய்து பார்ப்போம்.