ஆட்டுக்கும் ஓர் அஞ்சறைப்பெட்டி: தில்லி அக்கா டிப்ஸ்

தங்கச்சி, நஜஃப்கட் வீட்டுக் கொல்லையில் பர்பரி ஆடு கட்டிவிட்டாய், நல்ல காரியம். சின்ன ஆடு, கட்டிப்போட்டு வளர்த்தாலும் ஏங்காது. தில்லி, ஆக்ரா சந்துகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ஜாதி அது. ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற பொடியெல்லாம் எனக்கு அனுப்பி "இதைப் போட்டால் பால் கூடுமா அக்கா?" என்று கேட்கிறாயே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பர்பரி நாளைக்கு ஒரு லிட்டர் கறந்தாலே நல்ல ஆடு. அதை இரண்டு லிட்டராக்குகிற பொடி காரி பாவலி மசாலாச் சந்தையில் எந்தக் கடையிலும் கிடையாது.

பொடிக்கு முன்னால் தீவனத்தைப் பார். ஒரு லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 400 கிராம் அடர்தீவனம் வேண்டும். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு தாது உப்பு, ஒரு பங்கு சாப்பாட்டு உப்பு. இங்கே மலிவாகக் கிடைப்பது கடுகுப் புண்ணாக்கு. கடைக்காரரிடம் சர்சோன் கல் என்று கேட்டால் கொடுப்பார். அது மட்டுமே தின்றால் ஆட்டுக்கு அயோடின் குறையும், அதனால் அயோடின் உப்பாகவே போடு. கோதுமைத் தவிடும் சேர்த்துக்கொள்.

இனி வெந்தயம். சவூதியில் கறவை ஆடுகளுக்குத் தினம் 60 கிராம் வெந்தயம் கொடுத்துப் பார்த்து, பால் கூடியதாக 2005-இல் எழுதினார்கள். உன் ஆட்டின் உடம்புக்கு அவ்வளவு வேண்டாம். பத்து கிராமில் தொடங்கு, ஊறவைத்துத் தவிட்டோடு பிசைந்து வை. ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே காலையும் மாலையும் பாலை அளந்து நோட்டில் எழுதி வைத்துக்கொள். வெந்தயம் தொடங்கி இரண்டு வாரத்தில் அளவு ஏறவில்லை என்றால் விட்டுவிடு. ஒரே நேரத்தில் வெந்தயம், சதாவரி, வெல்லம் என்று மூன்றையும் கொட்டினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. சதாவரி, அதுதான் நம் தண்ணீர்விட்டான் கிழங்கு, விலை கூடுதல். என்னைக் கேட்டால் அந்தக் காசுக்குப் பசுந்தழை வாங்குவேன். சினை ஆட்டுக்கு வெந்தயமே வேண்டாம்.

தில்லியில் நான் அதிகம் பயப்படுவது பொடிக்கு இல்லை, பூரிக்கு. கல்யாணம், ஜாக்ரண், ஷ்ராத் என்று ஏதாவது ஒன்று வரும்; மிஞ்சின பூரியையும் ரொட்டியையும் பக்கத்து வீட்டுக்காரர் புண்ணியம் என்று நினைத்து ஒரு வாளி கொண்டுவந்து கொட்டுவார். ஆடும் ஆசையாகத் தின்னும். மாவுப் பொருள் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும். அசைபோடுவது நிற்கும், சாணி தண்ணியாகப் போகும், மறுநாள் ஆடு எழுந்திருக்காது. அடர்தீவனம் அதிகம் தின்னும் ஆட்டுக்குத் தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் சமையல் சோடா வைத்தால் தேவைக்குத் தானே நக்கிக்கொள்ளும். ஆனால் ஒரு வாளி பூரிக்கு அந்தச் சோடா ஈடுகொடுக்காது. பக்கத்து வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கொல்லைக் கதவைப் பூட்டு.

குளிர்காலத்தில் வருகிற பர்சீம் பசுந்தீவனம் இன்னொரு கண்டம். பனி ஈரத்தோடு வெறும் வயிற்றில் தின்றால் இடது விலா பறை மாதிரி உப்பும். முதலில் பூசா, அதாவது கோதுமை வைக்கோல் போடு, பர்சீமை வெயிலில் சில மணி நேரம் வாடவிட்டுப் பிறகு போடு. தவிட்டில் ஒரு சிட்டிகை ஓமம் சேர்ப்பது நல்ல பழக்கம். உப்பிவிட்டால் 50 மில்லி சமையல் எண்ணெயில் கொஞ்சம் பெருங்காயம் கலந்து வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. தலையை அண்ணாத்திப் பிடிக்காதே, எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். அரை மணியில் இறங்கவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடு.

என் கணக்கில் உண்மையான இயற்கைச் சேர்க்கை மரத்தழைதான். முருங்கையை இங்கே சஹ்ஜன் என்பார்கள். இலையை யாரும் சீந்துவதில்லை, கேட்டால் சும்மாவே தருவார்கள். காய்ந்த இலையில் கால்பங்கு புரதம். குளிரில் மரம் இலை உதிர்த்துவிடும், அதனால் அக்டோபரிலேயே நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டிவை. நாவல், கருவேலம் இலைகளில் துவர்ப்புச் சத்து உண்டு. ஆட்டின் எச்சிலிலேயே அதைத் தாங்கும் புரதம் இருப்பதால் அளவாகத் தின்றால் கெடுதல் இல்லை. தீவனத்துப் புரதம் வயிற்றில் வீணாகாமலும் காக்கும். பெங்களூரில் ஹரித் தாரா என்று மீத்தேனைக் குறைக்கும் தீவனப் பொருள் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்களே, அதற்கும் இந்தத் துவர்ப்புதான் அடிப்படை. தில்லி ரிட்ஜ் காடு முழுக்க நிற்கிற விலாயதி கீக்கர், நம் வேலிக்கருவேல், அதன் நெற்றும் இனிப்பான தீவனம்தான். இடித்துக் கொஞ்சமாகப் போடு. மாதக்கணக்கில் அதுவே தீவனமானால் நரம்பைப் பாதிக்கும்.

ஆனால் தெருவில் நீயாகக் கிளை ஒடிக்காதே. தில்லியில் 1994-ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பூங்காவில் கத்தரித்துப் போட்டதை வாங்கி வந்தாலும் கட்டைப் பிரித்து ஒவ்வொரு கொத்தாகப் பார். சாலை நடுவில் அரளி நட்டு வைத்திருக்கிறார்கள், இங்கே கனேர் என்பார்கள். நீண்டு ஒடுங்கிய, தோல் மாதிரித் தடித்த அந்த இலை கொஞ்சம் கலந்தாலே ஆடு செத்துவிடும். மஞ்சள் அரளியும் அப்படித்தான், உண்ணிச்செடியும் ஆகாது.

மழைக்காலத்தில் வேப்பிலை கொடுத்தால் புழு போய்விடும் என்பதை அப்படியே நம்பாதே. கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்: உள்ளே சிவப்பாக இருந்தால் சரி, வெளிறியிருந்தால் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கலாம். அதற்கு வேப்பிலை போதாது, சாணியைப் பரிசோதித்து மருந்து கொடுக்க வேண்டும். மதுரா பக்கம் மக்தூமில் 1979-இலிருந்து மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வளர்ப்புப் பயிற்சியும் உண்டு. ஒரு முறை போய்விட்டு வா.

பூண்டு, வெங்காயத்தாள், கோஸ் இலை, வெந்தயம் எதுவானாலும் கறந்த பிறகு கொடு. முன்னால் கொடுத்தால் பாலில் வாடை ஏறும். டெங்கு சீசனில் ஆட்டுப்பால் கேட்டு வாசலில் ஆள் நிற்பார்கள், விலையும் எகிறும். பிளேட்லெட் ஏறும் என்று நீ வாக்குக் கொடுக்காதே, அதற்கு உறுதியான சான்று இல்லை. பச்சையாகக் குடித்தால் புருசெல்லா காய்ச்சல் வரலாம், கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லியே கொடு.